ஆறடி இரண்டங்குலம் மூணு நூல்

எங்கள் வீட்டில் எனக்கென்று ஓர் உடற்பயிற்சி உண்டென்றால் அது அழுகைதான். 'உண்மைக் கதை' என்று எழுத்துப் போட்டு ஒரு விளையாட்டு வீரர் படம் ஆரம்பித்தால் போதும், தயாரிப்பாளர் பெயர் வருவதற்குள் எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். அதிலும் கதாநாயகனுக்குக் கால் போய்விட்டது, கை போய்விட்டது, ஆனாலும் பதக்கம் வாங்கினான் என்றால் கேட்கவே வேண்டாம். மூச்சு வாங்கும், வியர்க்கும், நெஞ்சு ஏறி இறங்கும். படம் முடிந்து எழும்போது எங்கள் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பூதலூர் ஸ்டேஷன் வரை ஓடிப்போய்த் திரும்பிய களைப்பு. உடனே பசிக்கும். "அழுதது போதும், சாப்பிட வாங்க" என்பாள் என் மனைவி. அன்றைக்குத் தோசை இரண்டு கூடுதலாகவே இறங்கும்.

டாக்டர் சொன்ன நடைப்பயிற்சி தனிக் கணக்கு. தினமும் முக்கால் மணி நேரம் கை வீசி நடக்கச் சொல்லியிருக்கிறார். தவறாமல் செய்கிறேன். குடமுருட்டிப் பாலத்துப் பக்கம் இருக்கும் டீக்கடைக்குப் போக ஐந்து நிமிஷம், கடையில் முப்பத்தைந்து நிமிஷம், திரும்பி வர ஐந்து நிமிஷம். கூட்டிப் பாருங்கள், பைசா சுத்தமாக முக்கால் மணி வரும். காலமெல்லாம் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதியவனுக்குக் கூட்டல் பிசகாது.

'சந்து சாம்பியன்' என்ற இந்திப் படத்தைப் பையன்தான் டிவியில் போட்டான். எனக்கு இந்தி தெரியாது. இந்திப் படத்தில் அழ இந்தி எதற்கு? வயலின் எப்போது ஏறுகிறது என்று தெரிந்தால் போதும். கீழே ஓடும் இங்கிலீஷைப் பையன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய், நாயகன் இரண்டு நிமிஷம் பேசினாலும் "ரொம்பக் கஷ்டப்படறார்ப்பா" என்று முடித்துவிட்டான். அது போதுமாகத்தான் இருந்தது.

கதை முர்லிகாந்த் பேட்கருடையது. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்துக்காரர். ராணுவத்தில் குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருந்தவர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. அப்படிப்பட்டவர் 1968-ல் டெல் அவிவ் பாராலிம்பிக்ஸில் போய் டேபிள் டென்னிஸ் ஆடினார். 1972-ல் ஜெர்மனியில், ஹைடல்பர்க்கில், 50 மீட்டர் நீச்சலை 37.33 வினாடியில் முடித்து உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். பாராலிம்பிக்ஸில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். அந்தப் பக்கம் ஒலிம்பிக்ஸில், தனி ஆளாக ஓர் இந்தியர் தங்கம் வாங்க 2008-ல் அபினவ் பிந்த்ரா வர வேண்டியிருந்தது. நடுவில் 36 வருஷம்.

இந்த 37.33 வினாடி என்னைத் தூங்கவிடவில்லை. அந்த நேரத்தில் நான் என்ன சாதிக்கிறேன் என்று பார்த்தேன். சோபாவிலிருந்து எழுந்திருக்கிறேன். அதில் மூன்று கட்டம். முதலில் முன்னால் சாய்ந்து, எழுவது அவசியம்தானா என்று ஒரு யோசனை. அடுத்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி "அப்பப்பா" என்று ஒரு சத்தம். மூன்றாவதுதான் எழுவது. நான் "அப்பப்பா" சொல்லி முடிப்பதற்குள் பேட்கர் அக்கரையைத் தொட்டுவிடுவார். அவர் வெறும் கை பலத்தில் போனவர். எனக்குக் கை, கால், சோபாவின் கைப்பிடி எல்லாம் இருக்கிறது.

ஆவேசத்தில், "நாளைக்கு நானும் ஆத்துல நீந்தப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். படம் தியேட்டருக்கு வந்தது 2024 ஜூன் 14. அப்போதே பார்த்திருந்தால் பிழைத்திருப்பேன். வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் மேட்டூர் அணை அந்த வருஷம் ஜூலை 28-ல்தான் திறந்தது. ஜூனில் குடமுருட்டியில் நீந்துவதென்றால் மணலில்தான் நீந்த வேண்டும், வீட்டில் யாரும் வற்புறுத்தியிருக்க மாட்டார்கள். நாங்கள் பார்த்ததோ ஆகஸ்டில். ஆறு இரு கரையும் தொட்டுப் போகிறது. காலையில் என் மனைவி துண்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். "தண்ணிதான் வந்துடுச்சே, போய்ட்டு வாங்க."

படித்துறையில் நான் இறங்கிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு படி, ஒரு பெருமூச்சு. முழங்கால் அளவில் நின்று, தண்ணீரைக் கையில் அள்ளி, தலையில் தெளித்து, வானத்தைப் பார்த்து, மறுபடி அள்ளி. பையன்கள் மேல்படியிலிருந்து டமால் டமால் என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். ஆடி அமாவாசை போய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது. கரையில் உட்கார்ந்திருந்த சாஸ்திரிகள் என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்து, தணிந்த குரலில் கேட்டார்: "அப்பாவுக்கா, அம்மாவுக்கா?"

அம்மா வீட்டில் திடமாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுக் கரையேறினேன்.

'சந்து சாம்பியன்' படத்தில் பேட்கராக நடிப்பதற்காகக் கார்த்திக் ஆர்யன் உடம்பில் 39 சதவீதமாக இருந்த கொழுப்பை 7 சதவீதமாக்கினார் என்று அப்போது செய்தி வந்தது. மருந்து எதுவும் இல்லாமல், ஒன்றரை வருஷம் பாடுபட்டு. அந்த 32 சதவீதம் எங்கே போனது என்று பம்பாயில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். பூதலூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, திருக்காட்டுப்பள்ளிக்கு வந்திருக்கிறது.

இந்தப் படங்களின் உண்மையான வில்லன், என் அபிப்பிராயத்தில், பாட்டுதான். நமக்கு இது புதிதில்லை. பால் கறந்துகொண்டிருந்தவர் பல்லவி முடிவதற்குள் பசுமாடு பத்து வாங்கி, சரணத்தில் ஹோட்டல் கட்டி, பாட்டு முடியும்போது கோட்டு சூட்டோடு காரிலிருந்து இறங்குவதை விசிலடித்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். விளையாட்டுப் படத்திலும் அதே கதைதான். முதல் வரியில் நாயகன் விழுவான், இரண்டாவது வரியில் விழுவான், கோரஸ் வரும்போது எழுவான், வியர்வை ஒரு சொட்டு மெதுவாக விழும், குரு கண் ஓரத்தைத் துடைப்பார், முடிந்தது. நான்கரை நிமிஷம். 1965-ல் அடிபட்ட மனிதர் 1972-ல் குளத்தில் முதலாவதாக வந்தார் என்றால் நடுவில் இருக்கும் ஏழு வருஷம் முழுக்க அந்தப் பாட்டுக்குள் போய்விட்டது. நானும் என் உடம்பு விஷயத்தில் பாட்டுக்காகத்தான் காத்திருக்கிறேன். பாட்டு ஆரம்பித்தால் இளைத்துவிடுவேன். "மிக்ஸியைப் போடறேன், அந்தச் சத்தத்துல ஓடுங்க" என்கிறாள் மனைவி.

ஏழு வருஷமாவது பரவாயில்லை. படத்தில் கிழவரான முர்லிகாந்த், தனக்கு அர்ஜுனா விருது தரவில்லை என்று ஜனாதிபதி மேல் புகார் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வருவார். அங்கேதான் கதையே ஆரம்பிக்கும். அந்த இடத்தில் நான் சிரித்தேன், பையன் சிரிக்கவில்லை. நிஜ முர்லிகாந்துக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2018-ல். தங்கம் வாங்கி 46 வருஷம் கழித்து. அர்ஜுனா, அதுவும் வாழ்நாள் சாதனைக்கென்று, 2025 ஜனவரியில். படம் வந்தது 2024 ஜூன். இரண்டுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. தேதிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கிறேன், பழைய கணக்குப்பிள்ளை புத்தி.

அம்மாவுக்கு இந்தப் படமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கு ஒரே படம், 'மயூரி'. 1985-ல் தெலுங்கில் வந்து தமிழிலும் பேசிய படம். சிங்கீதம் சீனிவாச ராவ் எடுத்தது. பரதநாட்டியம் ஆடிக்கொண்டிருந்த சுதா சந்திரன் 1981-ல் திருச்சிப் பக்கம் ஒரு பஸ் விபத்தில் சிக்கி, காயம் புரையோடி ஒரு காலை இழந்தார். செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு 1984-ல் மறுபடி மேடையேறினார். படத்தில் அவர் கதையில் அவரே நடித்தார், அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. நாட்டியம் விளையாட்டாகுமா என்று நான் கேட்டதற்கு, "ஒரு வர்ணம் நின்னு ஆடிப் பாரு, அப்பறம் பேசு" என்றாள் அம்மா. அதோடு விட்டுவிட்டேன். விபத்து நடந்தது திருச்சிப் பக்கம் என்பதால் அம்மாவுக்கு அந்தப் படத்தில் ஒரு பாத்தியதை வேறு. சொந்தக்காரப் பெண் மாதிரிதான் பேசுவாள்.

படம் பார்த்துவிட்டு வந்த வாரமே என் அக்காவை நாட்டிய வகுப்பில் சேர்த்தாள். டெல்டா முழுக்க அப்படி எத்தனை அக்காக்கள் சேர்க்கப்பட்டார்களோ. சலங்கைக் கடைக்காரர்களுக்கு நல்ல வருஷம். ஒரு மாதம் கழித்து நாட்டிய வாத்தியார் அம்மாவைக் கூப்பிட்டு, "இந்தக் குழந்தைக்கு ரெண்டு கால் இருக்கறதுதான் கஷ்டம். ஒண்ணு ஆதிக்குப் போறது, இன்னொண்ணு ரூபகத்துக்குப் போறது" என்றாராம்.

அந்தச் செயற்கைக் காலைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே.சேத்தியும் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கியது. சேத்திக்கு 1981-ல் மகசேசே விருது கிடைத்தது. வெளிநாட்டுச் செயற்கைக் கால்கள் பூட்ஸ் போடுகிறவர்களுக்காகச் செய்தவை. நம் ஆள் செருப்பில்லாமல் நடப்பான், குந்தி உட்காருவான், சம்மணம் போடுவான், வயல் சேற்றில் இறங்குவான். அதற்கெல்லாம் வளைந்துகொடுக்கும்படி ரப்பரில் பாதம் செய்தார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் உறைத்தது. அந்த ரப்பர் பாதம் சம்மணம் போடும். என் சொந்தப் பாதம் சம்மணம் போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. பந்தியில் டேபிள் உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் கல்யாணத்துக்கு மொய்க்கவரே எழுதுகிறேன்.

'கூமர்' என்று 2023-ல் இன்னொரு இந்திப் படம். வலது கையை இழந்த பெண் இடது கையால் பந்து வீசுவாள். அது கற்பனைக் கதை. ஆனால் தூண்டுதல் நிஜம்: கரோலி தகாச் என்ற ஹங்கேரி ராணுவ வீரர். 1938-ல் கையெறிகுண்டு வெடித்து வலது கை போனது. இடது கையால் பழகி 1948-லும் 1952-லும் துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக்ஸ் தங்கம் வாங்கினார். ஹங்கேரியில் பிறந்ததால் ஆயிற்று. எங்கள் தெருவில் பிறந்திருந்தால் "பீச்சாங்கையால துப்பாக்கியைத் தொடாதே" என்று பாட்டி மணிக்கட்டில் ஒன்று வைத்திருப்பாள், இரண்டு தங்கமும் போயிருக்கும். எனக்கு ஒரு தடவை வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டபோது இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடப் பார்த்தேன். ரசம் முழுக்கச் சட்டைக்குப் போனது. தகாச் இலக்கைச் சுட்டார், நான் பாக்கெட்டைச் சுட்டேன்.

இவ்வளவு ஊர் சுற்றுவானேன், நம் மாரியப்பன் இருக்கிறார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. மறுபடி பஸ். இந்தக் கதைகளில் எல்லாம் பஸ் ஒரு தனி வேஷம் கட்டுகிறது, கவனித்தீர்களா? அம்மா சரோஜா காய்கறி விற்றவர். பிள்ளையின் வைத்தியத்துக்கு மூன்று லட்சம் கடன் வாங்கி, பிள்ளை உலகப் புகழ் பெறும்வரை அடைத்துக்கொண்டிருந்தார். 2016-ல் ரியோ பாராலிம்பிக்ஸ். உயரம் தாண்டுதல், டி42 பிரிவு. 1.89 மீட்டர். தங்கம். தமிழக அரசு இரண்டு கோடி அறிவித்தது.

1.89 மீட்டர் என்றால் எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் அடி அங்குலக் காலத்து ஆள். அந்தச் சமயம் கொல்லைக்கதவு நிலைக்கு ஆசாரி வந்திருந்தார். அவரிடம் கேட்டேன். டேப்பைச் சரக்கென்று இழுத்துச் சுவரில் வைத்து, "ஆறடி ரெண்டங்குலம் மூணு நூல்" என்று பென்சிலால் ஒரு கோடு போட்டார். "என்ன சார், அலமாரி வருதா?" என்றார். ஒருத்தர் தாண்டிய உயரம் என்றேன். கழியை ஊன்றியா என்றார். இல்லை, ஒரு கால் சரியில்லாதவர், சும்மா ஓடிவந்து தாண்டினார் என்றேன். ஆசாரி கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோடு என் தலைக்கு மேலே ஏறக்குறைய ஒரு ஜாண் இருந்ததைப் பார்த்தார், டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. அதில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியிருக்கிறோம். அமாவாசை என்றைக்கு என்று பார்க்க என் மனைவி முக்காலி போட்டு ஏறுகிறாள்.

மாரியப்பன் கதையைத் தமிழில் படமாக்கப்போவதாக ஐஸ்வர்யா அறிவித்தார், ரஜினி மகள். 2017 புத்தாண்டு அன்று ஷாருக் கான் போஸ்டரை வெளியிட்டார். நானும் அழுவதற்குத் தயாராகக் கைக்குட்டையோடு உட்கார்ந்துவிட்டேன். இதுவரை என் கண்ணில் படம் படவில்லை. தாமதத்துக்குக் காரணம் யாருக்கோ தெரியும், எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று: மாரியப்பன் திரைக்கதைக்காரர்களுக்கு ஒத்துழைக்கிறவர் இல்லை. சினிமாவில் முதலில் வெண்கலம், பிறகு வெள்ளி, கிளைமாக்ஸில் தங்கம் வர வேண்டும். இவர் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று தலைகீழாக வாங்கி வைத்திருக்கிறார். 1.89, 1.86, 1.85. எட்டு வருஷத்தில் நான்கு சென்டிமீட்டர் இறக்கம். போதாதற்கு நடுவே 2024 மே மாதம் ஜப்பானில், கோபேயில், 1.88 தாண்டி உலக சாம்பியனும் ஆகிவிட்டார். எங்கே 'சுபம்' போடுவது? அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்ஸில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர். மூன்றாவது தடவையும் அதே கம்பியை நோக்கி அதே காலோடு ஓடிவருவதை எந்தப் பாட்டில் வைப்பார்கள்?

டோக்கியோவில் நடந்ததைக் கேளுங்கள். தொடக்க விழாவில் தேசியக் கொடி பிடிக்க வேண்டியவர் அவர். கூடப் பிரயாணம் செய்த ஒருவருக்குக் கொரோனா என்று இவரைத் தனியறையில் வைத்துவிட்டார்கள். கொடி தேக் சந்த் கைக்குப் போனது. போட்டி அன்று மழை. 1.80 தாண்டிய பிறகு மழை வலுத்து, பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துவிட்டது, தாண்டக் கஷ்டமாக இருந்தது என்று அவரே பிறகு சொன்னார். அமெரிக்காவின் சாம் கிரூ 1.88 தாண்டித் தங்கம் வாங்கினார். நம் சினிமாவில் மழை வந்தால் நாயகி வெள்ளைப் புடவையில் வருவாள். ஈரச் சாக்ஸுக்கு எந்த இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார்?

பாரிஸ் போட்டியை நேரடியாகவே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். 2024 செப்டம்பர் 3 ராத்திரி. டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு தனியாக. உயரம் தாண்டுதல் பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அவன் தாண்டும்போது இவன் காலைத் தூக்குவான். சரத் குமார் தாண்டினார், நான் கால் தூக்கினேன். அமெரிக்கப் பையன் எஸ்ரா ஃப்ரெக் தாண்டினான், அவனுக்கும் பாரபட்சமில்லாமல் தூக்கினேன். மாரியப்பன் 1.85-க்கு ஓடிவந்தபோது தூக்கிய வேகத்தில் வலது கால் கட்டைவிரல் டீப்பாயில் போய் மோதியது. மாரியப்பன் மெத்தையில் விழுந்தார், நான் பாயில் விழுந்தேன். அவருக்கு வெண்கலம் வந்தது, எனக்கு அம்மாவும் மனைவியும் வந்தார்கள். அம்மா விளக்கெண்ணெயும் மனைவி வாயும்.

நகம் கறுத்து, நொண்டிக்கொண்டே டீக்கடைக்குப் போனால், "என்ன சார் கால்ல?" என்றார்கள். "பாராலிம்பிக்ஸ்ல பட்டது" என்றேன்.

அதே நொண்டலோடு டெய்லர் கடைக்கும் போனேன். பேண்ட் இடுப்பைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. அது எனக்கு வருஷாந்தர உற்சவம். டெய்லர் அண்ணனுக்குச் சிறு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. மெஷினை வலது காலாலேயே மிதிப்பார். மோட்டார் வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால், "வேலை செய்யற ஒரு காலையும் சும்மா உக்கார வைக்கச் சொல்றீங்களா?" என்பார். நடக்கும்போது இடது தொடையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அடி எடுத்து வைப்பார். அதனால் அவர் போட்டிருக்கும் எந்தப் பேண்டிலும் இடது தொடையில், கை படுகிற இடத்தில், துணி பளபளவென்று தேய்ந்திருக்கும். புதுப் பேண்ட் தைக்கும்போதே அந்த இடத்தில் உள்பக்கம் ஒரு துண்டுத் துணி கொடுத்துத் தைத்துவிடுவார். ஊரில் வேறு யார் பேண்டுக்கும் அந்த வேலை கிடையாது.

நான் நொண்டிக்கொண்டு படியேறியதை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு விரலுக்கா சார் இவ்வளவு?"

பெஞ்சில் உட்கார்ந்து பேட்கர், தகாச், மாரியப்பன் எல்லாவற்றையும் உருகி உருகிச் சொன்னேன். பாபின் மாற்றிக்கொண்டே கேட்டார். அந்த ராணுவக்காரர் படத்தை அவரும் போனில் பார்த்திருக்கிறார். "நல்லாத்தான் எடுத்திருக்காங்க" என்றார். பிறகு, "அவரை நாற்காலியிலேருந்து தண்ணிக்குள்ள எப்படி எறக்கினாங்க, திரும்ப எப்படி ஏத்தினாங்க, ஈரத் துணியை மாத்தறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு, அதைக் கொஞ்சம் நின்னு காட்டியிருக்கலாம். முப்பத்தேழு செகண்டுதான் நீச்சல். மிச்ச நேரமெல்லாம் அந்த வேலைதானே?"

சிறிது நேரம் மெஷின் ஓடியது.

"எனக்கு ஒண்ணு எண்பத்தொம்பது எல்லாம் வேண்டாம் சார். நம்ம டவுன் பஸ் முதல் படி இருக்கே, அதைத் தாண்டினாப் போதும். தஞ்சாவூர் போக வர டிக்கெட் இல்லேன்னுட்டான் கவர்மென்ட்டு, நல்ல விஷயம். ஏறிட்டேன்னா ஃப்ரீ. ஏறறதுதான்."

அடையாள அட்டைக்காக முகாமுக்குப் போய்வந்ததையும் சொன்னார். குறைந்தது 40 சதவீதம் ஊனம் என்று டாக்டர் எழுதினால்தான் சலுகைகள் கிடைக்கும். புது அட்டைக்காக மறுபடி கூப்பிட்டுக் காலை நீட்டச் சொல்லிப் பார்த்தார்களாம். "நாட்டுல போலியோ ஒழிஞ்சுதுன்னு 2014-லயே சர்ட்டிபிகேட் வாங்கிட்டாங்க. என் கால்லேயும் ஒழிஞ்சிருக்கும்னு பாத்தாங்க போல." இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கு உடனே கார்த்திக் ஆர்யனின் 39 சதவீதம் ஞாபகம் வந்தது. ஒரு சதவீதத்தில் சலுகை தவறியிருக்கிறது அந்தப் பிள்ளைக்கு. சொன்னேன். டெய்லர் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

சரி, எழுந்திருங்க என்றார். மூன்று கட்டமாக எழுந்தேன். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்து என் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தார். நான் மூச்சை உள்ளே இழுத்தேன். "விடுங்க சார், தெரியும்" என்றார். விட்டேன். தெருவுக்கே கேட்கும்படி "நாப்பத்திரண்டு" என்று சொல்லி நோட்டில் எழுதினார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்:

"ரியோவுல மாரியப்பன் தாண்டினது எந்தப் பிரிவுன்னு சொன்னீங்க?"

"டி நாப்பத்திரண்டு."

"அப்ப நீங்களும் அதே பிரிவுதான்."

பேண்டை உள்பக்கமாகத் திருப்பிப் பின் தையலை விரித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "உள்ள இன்னும் ஒரு இஞ்சுதான் துணி இருக்கு. இந்தத் தடவை பிரிச்சு விட்டுடறேன். அடுத்த தடவை பேண்ட் எடம் கொடுக்காது சார், நீங்கதான் கொடுக்கணும்."

கூலி அறுபது ரூபாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், நடந்து.